ஆறு விஎம், நாலு டாங்கிள், ஒரு எவர்சில்வர் சம்படம்

“அண்ணா, நூறு பாக்கெட் அனுப்பினேன், நூறும் போய்ச் சேர்ந்திடுச்சு. அதுக்குப் போய்த் திட்டுறாங்க” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான் எதிர்வீட்டுத் தம்பி. எம்.இ. கடைசி வருடம். அட்ஹாக் வயர்லெஸ் நெட்வொர்க்கில் பாதை தேடும் ஏஓடிவி முறையை விஎம்-களில், அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்களில், ஓட்டிப் பார்ப்பது அவன் புராஜெக்ட். ரிவியூவில் உட்கார்ந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: “காற்றில் ஒன்றுகூடவா தொலையவில்லை?”

எனக்கு விஎம் தினசரிப் பிழைப்பு. வயர்லெஸ், வீட்டு ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும் அளவுக்குத் தெரியும். அவனுக்கு இது தலைகீழ். சரி, இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று நாலைந்து சனி ஞாயிறு உட்கார்ந்தோம். அதில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏஓடிவி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த வகை நெட்வொர்க்கில் டவரும் கிடையாது, தனியாக ரவுட்டரும் கிடையாது. ஒவ்வொரு கருவியும் பக்கத்தில் இருப்பதற்கு ரவுட்டர். பாதைகளை முன்கூட்டியே போட்டு வைப்பதில்லை. அனுப்ப ஏதாவது வந்தால்தான் “இன்னாரை யாருக்காவது தெரியுமா?” என்று ஒரு கேள்வியை ஊதும். கேட்டவருக்குத் தெரியாவிட்டால் அவரும் அதையே ஊதுவார். தெரிந்தவர் வந்த வழியிலேயே பதிலைத் திருப்புவார். 2003 ஜூலையில் ஆர்எஃப்சி 3561 என்ற இணைய விதிமுறை ஆவணமாக வெளியானபோதே ‘பரிசோதனை’ என்ற முத்திரையோடுதான் வந்தது. தம்பிக்கு வேதாரண்யம் பக்கம் சொந்த ஊர். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது போனில் சிக்னல் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவன். இந்தத் தலைப்பை அவன் எடுத்ததற்கு அதுவே காரணம்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதிய ஏஓடிவி-யுயு என்ற நல்ல புரோகிராம் இருக்கிறது. ஆனால் லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ஓடும் அதன் பகுதி 2.4, 2.6 காலத்து லினக்ஸுக்கானது. இன்றைய கர்னலில் கம்பைல் செய்யப் பார்த்து ஒரு சனிக்கிழமை போனது. அதனால் தம்பி ஏற்கெனவே பைத்தானில் எழுதி வைத்திருந்ததையே எடுத்துக்கொண்டோம். அவன் செய்தது எளிய தந்திரம்தான்: பாதை தெரியாத பாக்கெட் எல்லாம் ஒரு டன் இடைமுகத்துக்குள் (ஒரு புரோகிராம் படிக்கவும் எழுதவும் கூடிய போலி நெட்வொர்க் கார்டு) விழும்படி டீஃபால்ட் ரூட்டைத் திருப்பிவிடுவது. பைத்தான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பாதையைத் தேடும், கிடைத்ததும் பாக்கெட்டை மறுபடி உள்ளே விடும்.

அந்த ‘மறுபடி உள்ளே விடும்’ இடத்தில் மாட்டினோம். டன் வழியாகவே திருப்பி எழுதினால் கர்னல் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. லாக்கைக் கிளறினால் ‘மார்ஷியன்’ என்று ஒரு வரி. செவ்வாய்க்கிரகவாசி! என் சொந்த முகவரியிலிருந்து கிளம்பிய பாக்கெட் வெளியிலிருந்து உள்ளே வருகிறதே, இது போலி என்று கர்னல் நினைக்கிறது. நியாயம்தான். புரோகிராமே கட்டிய பாக்கெட்டை வெளியே அனுப்பும் ரா சாக்கெட் வழியாக அனுப்பியதும் அது சரியானது. கூடவே இன்னொன்று: டன் வழியே போகிற ரூட்டில் எந்த முகவரியிலிருந்து கிளம்ப வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால் கர்னல் டன் இடைமுகத்தின் முகவரியை ஒட்டிவிடும். வயர்லெஸ்ஸில் அந்த முகவரியை எவனுக்கும் தெரியாது, பதில் வராது. பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் பிங்கில் முதலாவது மட்டும் எப்போதும் செத்துப்போய் இரண்டாவதிலிருந்து ஓடியதற்கு அதுதான் காரணம். அதுவரை “முதல் பிங் போகாது அண்ணா, ஏஓடிவி அப்படித்தான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏஓடிவி அப்படி இல்லை. கணக்குப் போட்டாலே தெரியும். கேள்வியை எடுத்ததுமே ஊர் முழுக்க ஊதக் கூடாது என்பதால் அது எத்தனை தாவல் (ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குப் போவது) வரை போகலாம் என்ற டிடிஎல் எண்ணை முதலில் 1, அப்புறம் 3, அப்புறம் 5 என்று வட்டம் வட்டமாக விரிக்கிறது. ஒரு நோடை, அதாவது ஒரு கருவியை, கடக்க 40 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொண்டு, டிடிஎல்லோடு 2 கூட்டி, 80-ஆல் பெருக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் வரும். முதல் சுற்று 240, அடுத்தது 400. ஆறு நோடும் ஒரே வரிசையில் நின்று, முதலாமவர் ஆறாமவரைக் கேட்டால் ஐந்து தாவல். டிடிஎல் 5 போகும்போதுதான் கிடைப்பார். ஆக முதல் பிங் 640-ஐத் தாண்டிக் கொஞ்சத்தில் வர வேண்டும். இந்தப் பிழையைச் சரிசெய்தபின் 660, 670 என்று வந்தது.

இது வரிசையில் நிற்கும்போது. அவனுடைய பழைய அமைப்பில் வரிசையே இல்லை, அங்கேதான் நூற்றுக்கு நூறின் ரகசியம் இருந்தது.

லினக்ஸில் மேக்80211-ஹெச்டபிள்யூசிம் என்று ஒரு கர்னல் மாட்யூல் உண்டு. ரேடியோ இல்லாமலே ரேடியோ இருப்பதாகக் காட்டும். எத்தனை வேண்டும் என்று சொல்லி ஏற்றினால் அத்தனை வைஃபை கார்டு முளைக்கும். வைஃபை மென்பொருளைச் சோதிக்க அருமையான சாமான். ஆனால் தன்போக்கில் விட்டால் ஒரே சேனலில் உள்ள எல்லா ரேடியோவும் எல்லா ரேடியோவையும் தெளிவாகக் கேட்கும். தூரம் கிடையாது, சுவர் கிடையாது, மோதல் கிடையாது. பத்து நோடு வைத்தாலும் எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்துவீடு. பாதை தேடவே அங்கே வேலையில்லை. தம்பி பத்து நோடு வைத்து ஒரே ஒரு தாவலைத்தான் அளந்திருக்கிறான்.

முதலில் நேம்ஸ்பேஸ் போதும் என்றேன், ஒரே லினக்ஸுக்குள் தனித்தனி நெட்வொர்க் அறைகள் மாதிரி. ஒரே லினக்ஸில் ஆறு நேம்ஸ்பேஸ் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு போலி ரேடியோ, முடிந்தது வேலை. ஆனால் புராஜெக்ட் தலைப்பிலேயே விஎம் இருக்கிறது என்றான். அதோடு ஒரு நல்ல காரணமும் சொன்னான்: நேம்ஸ்பேஸ் என்றால் ஆறு பேருக்கும் ஒரே கர்னல், ஒரே கடிகாரம். நிஜத்தில் ஆறு கருவிக்கும் ஆறு கடிகாரம். அவன் பக்கம் நியாயம் இருந்தது. அந்தக் கடிகாரம் எங்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

லினக்ஸில் விஎம் ஓட்டும் கேவிஎம்-இல் ஒரு விஎம் தயார்செய்து ஐந்து நகல் எடுத்தோம். நகல் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிழைப்பே அதுதானே. ஆறும் நிர்வாக நெட்வொர்க்கில் ஒரே ஐபி கேட்டு நின்றன. நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை மாற்றியிருந்தும் அப்படி. நான் நகலெடுத்த லினக்ஸ், டிஹெச்சிபி மூலம் ஐபி கேட்கும்போது மேக் முகவரியைக் கொடுக்காமல், மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் கொடுக்கிறது. அந்தக் கோப்பும் நகலானதால் ஆறு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு. அதைக் காலி செய்து ரீபூட் செய்தோம்.

அதே கதை ரேடியோவிலும். ஹெச்டபிள்யூசிம் ஒவ்வொரு விஎம்-க்குள்ளும் தன் முதல் ரேடியோவுக்கு 02-இல் தொடங்கி மீதியெல்லாம் சுழியமான மேக் முகவரியைக் கொடுக்கும். ஆறு விஎம், ஆறு முதல் ரேடியோ, ஒரே முகவரி. ஹோஸ்டில், அதாவது விஎம்-கள் ஓடும் நிஜக் கம்ப்யூட்டரில், ஒரு சின்ன ரிலே புரோகிராம் எழுதி, ஒரு விஎம் அனுப்பும் ஃபிரேமை (வைஃபை அனுப்பும் ஒரு துண்டுச் செய்தி) மற்றவற்றுக்குக் கொடுத்தோம். எல்லாரும் அடுத்தவர் குரலைத் தன் குரல் என்று நினைத்துத் தூக்கி எறிந்தார்கள். ஒரு மணிநேரம் ரிலேயைத் திட்டிவிட்டு, தற்செயலாக இரண்டு டெர்மினலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது.

ரிலேயில் ஒரு அட்டவணை வைத்தோம்: யார் பேசினால் யாருக்குக் கேட்கும், நூற்றுக்கு எத்தனை தொலையும். வரிசையாக நிற்க வைத்ததும் முதல்முறையாக உண்மையான தாவல்கள் வந்தன. தம்பி பயங்கர சந்தோஷம். நான் அன்றிரவே இன்னொரு டேபில் வேறு வேலைக்கு ஒரு பெரிய கம்பைலை ஓட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் லாக் முழுக்க இணைப்பு முறிவு. மூன்றாவது நோடு நாலாவதைத் தொலைக்கிறது, இரண்டாவது மூன்றாவதை. அட்டவணையில் எதுவும் தொலையும்படி நாங்கள் போடவே இல்லை!

ஏஓடிவி-யில் ஒவ்வொரு நோடும் 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு ஹலோ சொல்லும். இரண்டு ஹலோ தவறினால் பக்கத்து ஆள் போய்விட்டான் என்று முடிவு. நேரத்தை அச்சடித்துப் பார்த்தோம்: 1002, 1001, 1003, திடீரென்று 2740. விஎம் தூங்கிவிட்டு எழுந்திருக்கிறது. டாப் என்ற லினக்ஸ் கட்டளையில் ‘எஸ்டி’ என்று ஒரு எண் உண்டு, ஹோஸ்ட் நம்மிடமிருந்து திருடிய நேரம். அதைத்தான் முதலில் பார்ப்பேன். அது கிட்டத்தட்ட சுழியம். அதை நம்பி ரிலேயில் தேடினேன். ஹோஸ்டில் போய்ப் பார்த்தால், ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப் எரிந்துகொண்டிருக்கிறது. 16 ஜிபி ரேமில் விஎம்-களுக்கு 2 ஜிபி வீதம் 12 கொடுத்திருந்தேன். பிரவுசரும் கம்பைலரும் மீதியைத் தின்று, விஎம்-களின் நினைவகமே டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. சிபியுவுக்கு வரிசையில் நின்றால்தான் ‘திருட்டு’ கணக்கில் வரும், டிஸ்க்குக்காக நின்றால் வராது. ஆளுக்கு 512 எம்பி, ஒரு விசிபியு என்று குறைத்து, நாலு கோரில் ஒன்றை ரிலேக்கு மட்டும் ஒதுக்கியதும் ஹலோ ஒழுங்காக அடித்தது.

நான் சும்மா இருந்தால்தானே. ஒரு விஎம்-ஐ நிறுத்திவைத்துவிட்டு டீ குடித்து வந்து மறுபடி ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் அதில் இருந்த எல்லாப் பாதையும் ஒரே நொடியில் காலாவதி. தூங்கி எழுந்த விஎம்-இன் சுவர்க்கடிகாரம், அதாவது நாளும் மணியும் காட்டும் கடிகாரம், பின்தங்கியிருந்தது, நேரம் சரிபார்க்கும் மென்பொருள் அதை ஒரே தாவாக முன்னே தள்ளியது. பயன்பாட்டில் உள்ள பாதையின் ஆயுளே 3000 மில்லிசெகண்ட்தான். தம்பி எல்லா டைமரையும் சுவர்க்கடிகாரத்தை வைத்து எழுதியிருந்தான். யார் நேரத்தைத் திருத்தினாலும் தாவாமல் ஓடும் மோனோடோனிக் கடிகாரத்துக்கு மாற்றினோம். நிஜக் கருவியிலும் ஜிபிஎஸ் நேரம் கிடைத்த நொடியில் இந்தப் பிழை வரும், ஆக விஎம் இங்கே உபகாரம்தான் செய்தது.

அடுத்தது எங்களால் முடியாதது. மறைந்த நோடு பிரச்சினை தெரியும் அல்லவா: ஒன்றாம் ஆளும் மூன்றாம் ஆளும் ஒருவரையொருவர் கேட்க முடியாத தூரம், நடுவில் இருக்கும் இரண்டாம் ஆளிடம் இருவரும் ஒரே நேரத்தில் பேச, அவருக்கு இரண்டும் புரியாது. இதை ரிலேயில் கொண்டுவரலாம் என்று தம்பி ஆசைப்பட்டான். இரண்டு ஃபிரேம் நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டையும் தூக்கிப்போடு, அவ்வளவுதானே? ஆனால் 802.11பி என்ற வைஃபை தரத்தில் ஒரு ஸ்லாட், அதாவது நேரத்தின் ஒரு துண்டு, 20 மைக்ரோசெகண்ட். ஃபிரேம் முடிந்து 10 மைக்ரோசெகண்டில் ‘வந்தது’ என்ற ஒப்புகையான அக் கிளம்ப வேண்டும். என் விஎம் எழுந்து கண்ணைக் கசக்கவே சில நேரம் ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. ரிலேக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து ‘மோதியதா’ என்று கேட்டால், காற்றில் மோதியதா என்பதற்குப் பதில் வராது, என் சிபியு ஷெட்யூலர் யாரை முதலில் எழுப்பியது என்பதற்குத்தான் வரும். இரண்டு நாள் முயன்றோம். ஒரே சோதனையை ஐந்துமுறை ஓட்டினால் ஐந்து விடை. விஎம் வைத்து வயர்லெஸ் ஆராய்ச்சி செய்பவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். கடிகாரத்தையே மெதுவாக ஓட்டி விஎம்-களை ஏமாற்றுவது ஒரு வழி. அதற்குள் இறங்கினால் அவன் டிகிரி வாங்கமாட்டான். விட்டோம். ரிவியூக்காரருக்கு வேண்டியது காற்று, அதைத் தரலாம் என்று நிஜ ரேடியோவுக்குப் போனோம்.

யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் வேண்டும், லினக்ஸில் அட்ஹாக் முறையில் சமர்த்தாக ஓடும் என்று படித்து அதற்கான மாடலை ஆர்டர் செய்தோம். வந்த நாலில் இரண்டில் வேறு சிப். அட்டைப்பெட்டி ஒன்றுதான், மாடல் எண்ணும் ஒன்றுதான், கீழே பொடி எழுத்தில் பதிப்பு எண் மட்டும் வேறு. மாற்றிக்கொடுக்கப் பத்து நாள். வாங்கினால் பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

விஎம்-க்கு டாங்கிளைக் கொடுப்பதிலும் கதை உண்டு. ஒரே மாதிரி நாலு டாங்கிள் என்பதால் தயாரிப்பாளர் எண், சாதன எண் வைத்துக் கொடுத்தால் எந்த டாங்கிள் எந்த விஎம்-க்குப் போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எந்த போர்ட் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஹோஸ்ட் தானே முதலில் டிரைவரை ஏற்றித் தொட்டுவிட்டால், விஎம் அப்புறம் கேட்கும்போது டாங்கிள் ஊமையாகிவிடுகிறது. ஹோஸ்டில் அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டு, பிடுங்கிச் செருகினோம். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான் பங்கு. மூன்றாவது டாங்கிள் பேச ஆரம்பித்ததும் முதல் இரண்டும் மயக்கம். அடாப்டர் வைத்த ஹப் வாங்கிவந்தேன். ஒரே நெட்வொர்க் பெயரில் இருந்தும் டாங்கிள்கள் இரண்டிரண்டாகத் தனிக்குடித்தனம் போன சங்கதியும் நடந்தது, நெட்வொர்க்கின் அடையாள எண்ணான செல் முகவரியைக் கையால் கட்டிவைத்ததும் சேர்ந்தார்கள்.

இப்போது நாலு ரேடியோவும் என் மேசைமேல். எல்லாருக்கும் எல்லாம் கேட்கிறது. மறுபடி முதல் நாள் கதை! யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகாது. விஎம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும்வரை ரேடியோக்களும் ஒரே அறையில்தான். ஆய்வகத்தில் இதற்கு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு கேபிளும், சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரும் மாட்டுவார்கள். என்னிடம் எவர்சில்வர் சம்படம் இருந்தது.

டாங்கிளை உள்ளே வைத்து, கேபிளை விளிம்பில் நசுக்காமல் வெளியே எடுத்து மூடினேன். சிக்னல் கொஞ்சம்தான் குறைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், மூடியில் உள்ள விரல் அகல இடுக்கு போதாது என்றுதான் நினைத்தேன். ஆனால் இடுக்கு குறுகலானாலும் பாதி வட்டத்துக்கு நீண்டிருக்கிறது, அந்த நீளம்தான் கணக்கு. கேபிளும் தன் பங்குக்கு ஆன்டெனா வேலை பார்க்கிறது. இடுக்கைச் சமையலறை அலுமினிய ஃபாயிலால் அடைத்து, கேபிளையும் ஒரு சாண் சுற்றி, அந்தச் சுற்று சம்படத்தை நன்றாகத் தொடும்படி அழுத்தியதும் சரசரவென்று இறங்கியது. அப்புறம் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுதான் எங்கள் அட்டென்யுவேட்டர். “முறுக்கு போட்டு வச்ச சம்படத்தை எங்கடா?” என்று அம்மா கேட்டபோது முறுக்கு தம்பி வயிற்றில் இருந்தது.

மூடியைக் கால்வாசி திறந்து வைத்தபோதுதான் அது நடந்தது. ஹலோ வருகிறது, பத்துக்குப் பத்து. பாதை போடப்பட்டது, நேரடியாக, ஒரே தாவலில். ஆனால் 1400 பைட் பிங் ஐம்பது அனுப்பினால் எட்டுதான் திரும்பியது. பக்கத்திலேயே மூன்றாவது டாங்கிள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது, அதன் வழியாகப் போக மாட்டேன் என்கிறது. தம்பி கோடில் பிழை தேடினான். பிழை கோடில் இல்லை. ஹலோ 20 பைட் செய்தி, எல்லாருக்குமான ஒலிபரப்பு, அதனால் மிகக் குறைந்த வேகத்தில், நொடிக்கு 1 மெகாபிட்டில் போகிறது. மெதுவாகப் பேசினால் தூரத்துக்குப் புரியும். டேட்டா ஒருவருக்கு மட்டும் போவது, வேகமாக, நீளமாகப் போகும். ஹலோ கேட்கிற எல்லை பெரிது, டேட்டா போகிற எல்லை சிறிது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வளையத்துக்குச் சாம்பல் மண்டலம் என்று உப்சாலாக்காரர்கள் 2002-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ரிலே அட்டவணையில் இது வர வாய்ப்பே இல்லை, அங்கே ஹலோவுக்கும் டேட்டாவுக்கும் ஒரே சதவீதம்.

வைத்தியம் இரண்டு செய்தோம். ஒன்று, ஒரு ஹலோ கேட்டதும் உறவு கொண்டாடாமல் தொடர்ந்து மூன்று கேட்டால்தான் பக்கத்து ஆள். இது அவ்வளவாக உதவவில்லை, மூடி கால்வாசி திறந்திருக்கும்போது மூன்றும் வந்துவிடுகிறது. இரண்டாவது, டிரைவர் சொல்லும் சிக்னல் அளவு ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் ஹலோவைக் கண்டுகொள்ளாமல் விடுவது. எல்லை எது என்பதை மூடியை நகர்த்தி நகர்த்தித்தான் கண்டுபிடித்தோம். அதைப் போட்டதும் பாதை மூன்றாவது டாங்கிள் வழியாக இரண்டு தாவலுக்கு மாறி, ஐம்பதில் நாற்பத்தேழு வந்தது. பிறகு அதே வித்தியாசத்தை ரிலேயிலும் புகுத்தினோம்: ஒலிபரப்புக்கு ஒரு சதவீதம், டேட்டாவுக்கு நீளத்தைப் பொறுத்து வேறு சதவீதம். ஆறு விஎம்-இலும் சாம்பல் மண்டலம் வந்தது.

ரிவியூ போன வாரம் முடிந்தது. அறிக்கையில் நூறு சதவீத வரைபடத்தையும் வைத்திருக்கிறான், பக்கத்திலேயே சம்பட வரைபடத்தையும். நாலாவது டாங்கிள் மட்டும் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை விஎம்-ஐ விட்டுக் கழன்றுவிடுகிறது. ஹப்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், போர்ட்டையும் மாற்றினேன். இந்தச் சனிக்கிழமை அந்த யுஎஸ்பி கன்ட்ரோலரையே முழுசாக விஎம்-க்குக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். சம்படம் இன்னும் என் மேசையில்தான்.